மஞ்சள் உறை

“நேத்து சாயங்காலமே போயிடுச்சு சார்” என்று இசைத்தட்டுக் கடைக்காரர் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. தேடும் தட்டு கைநழுவிப் போவது மூன்று வருடத்தில் இது ஐந்தாவது தடவை. கடைக்காரருக்குப் பட்டப்பெயர் ‘கீறல்’. எந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தாலும் “ஒரு கீறல் இல்ல சார்” என்று சத்தியம் செய்கிற வாய்.

“யாரு, அந்த அம்மாவா?”

“அவங்கதான். தட்டை வெளிய எடுத்துக்கூடப் பார்க்க மாட்டாங்க. மஞ்சள் உறையைப் பார்த்தா போதும்.”

அதுதான் அவனுக்கு ஆறவில்லை. அவன் சேர்ப்பது பழைய கிறிஸ்தவ ஆல்டர்நேட்டிவ் ராக் தட்டுகள். நீள முடியும் கிழிந்த ஜீன்ஸுமாக நின்று ஆண்டவரைப் பாடிய பிள்ளைகளின் தட்டுகள். சபைக்காரர்களுக்கு அது சாத்தானின் கூச்சல், ராக் கேட்கிறவர்களுக்கு அது பிரசங்கம். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்து, சில நூறு தட்டுகளோடு காணாமல் போன குழுக்கள் அவை. அவன் சபைக்குப் போவதை நிறுத்திப் பதினைந்து வருடமாகிறது. “ஆண்டவரை விட்டாச்சு, அவர் பாட்டை மட்டும் விட மாட்டேங்கிற” என்பாள் மனைவி. அண்ணன் செத்தபோது ‘ஏன்’ என்று அவன் சபையில் கேட்ட கேள்விக்கு எல்லோரும் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். இந்தத் தட்டுகளில்தான் யாரோ அதே கேள்வியைத் தொண்டை கிழியக் கேட்டிருந்தார்கள். அதிலும் மஞ்சள் உறைத் தட்டில் பாடிய பெண். அவனிடம் இருந்தது ஈரம் பட்டு உறை வீங்கிய ஒரே ஒரு பிரதி. நல்லதாக ஒன்று வேண்டும் என்பது அவனுடைய தீராத பசி.

கடைக்காரரை நச்சரித்து அந்த அம்மாவின் முகவரியை வாங்கினான். “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார் கீறல்.

அது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இயந்திரத்தின் முன் உட்கார்ந்து லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே “சீட்டு கொண்டு வந்தீங்களா?” என்றாள்.

“கண்ணாடிக்கு வரல. மஞ்சள் உறைத் தட்டு விஷயமா வந்தேன்.”

இயந்திரம் நின்றது. அவள் லென்ஸைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெட்டியில் வைத்த பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

“உங்ககிட்ட இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. உங்ககிட்ட எத்தனை இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“மூணு வருஷமா என் வாயில மண்ணைப் போட்டுட்டு ஒண்ணும் இல்லன்னா எப்படி? நாலஞ்சு வச்சிருப்பீங்க. ஒண்ணு கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

அவள் எழுந்து மேஜைக்கடியில் இருந்த குப்பை வாளியைக் காலால் இழுத்து அவன் முன் விட்டாள். கறுப்புத் துண்டுகள். பெரிய கத்தரியால் ஒரே அளவில் நறுக்கியவை. நேற்றைய மஞ்சள் உறை நான்காகக் கிழிந்து மேலே கிடந்தது.

அவன் குனிந்து ஒரு துண்டை எடுத்தான். “பைத்தியமா உங்களுக்கு?”

“முந்நூறு அடிச்சாங்க. இருநூத்தி எழுபத்தொண்ணு முடிஞ்சுது. உங்களுதையும் கொண்டு வாங்க.”

“செத்தாலும் தர மாட்டேன். அந்தக் குரலை நறுக்க நீங்க யாரு?”

“என் குரல்.”

பின்னட்டைப் படத்தில் மைக்கைப் பிடித்து நின்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் அகன்ற நெற்றி எதிரில்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம். கோபம்தான் வந்தது, தன் வீட்டுப் பொருளுக்கு வேறு யாரோ உரிமை கொண்டாடுகிற மாதிரி.

“ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டுக்கு முன்னாடி நான் பேசுவேன், கேட்டிருக்கீங்களா?”

கேட்டிருக்கிறான். நூறு தடவை. ‘ஒரு நல்ல மனிதர்மேல் அபாண்டம் சொன்னேன், நான் பொய் சொன்னேன்’ என்று அழுகையை விழுங்கி அவள் சொல்கிற இரண்டு நிமிடம்.

“குழுத் தலைவர் என் கையைப் பிடிச்சு இழுத்தார்னு சபையில போய்ச் சொன்னேன். எங்கப்பாதான் பாஸ்டர். நாலு நாள் வீட்டுல யாரும் என்கிட்டப் பேசல. அஞ்சாம் நாள் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனார். எழுதின தாளைக் கையில கொடுத்தார். வாசிச்சேன்.” சந்தை விலை சொல்கிற மாதிரி சொன்னாள். “தட்டைக் கொண்டு வாங்க.”

அப்போது அவன் பேசாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் வாளியில் கிடந்த துண்டுகள் கண்ணை உறுத்தின, நாக்கில் சனி உட்கார்ந்தது.

“முந்நூறையும் நறுக்கினாலும் பிரயோஜனமில்ல. போன வருஷமே நான் நெட்ல ஏத்திட்டேன். நாலாயிரம் பேர் கேட்டாச்சு.”

சொன்ன மறுகணம் அதை விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

“எடுத்துடுங்க.”

“எடுக்கலாம். ஆனா நிறைய பேர் இறக்கி வச்சிருப்பாங்க. அவங்கவங்க பக்கத்துல போட்டிருக்காங்க.”

“காட்டுங்க.”

போனைக் கொடுத்தான். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், அவன் எழுதியிருந்த குறிப்பை உரக்க வாசித்தாள்.

“‘இவ்வளவு நேர்மையான இரண்டு நிமிடத்தை வேறு எந்தத் தட்டிலும் நான் கேட்டதில்லை.’ நீங்க எழுதினதா?”

அவள் கீழே கீழே தள்ளி ஒவ்வொன்றாக வாசித்தாள். என்ன குரல், கண்ணீர் வந்தது, மனந்திரும்புதல் என்றால் இது. பிறகு ஒற்றை விரலால் எதையோ வெகுநேரம் தட்டினாள். போனைக் கேட்டு வாங்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து நீட்டினாள்.

“போங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

“அக்கா, நான் தெரியாம…”

“நான் உங்களுக்கு அக்கா இல்ல. போங்க.”

பேருந்து நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் போனைத் திருப்பிப் பார்த்தான். பாட்டுக்குக் கீழே, அவனுடைய கணக்கிலிருந்து, அவனுடைய பெயரிலேயே ஒரு வரி ஏறியிருந்தது. ‘அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னதாகச் சொன்னதுதான் பொய்.’

அழிக்க விரலால் ஒருமுறை தொட்டால் போதும். அதற்குள் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. இருபது வருடமாக அவனோடு தட்டு மாற்றிக்கொண்டவர்கள். ‘செத்துப்போன குழுத் தலைவர்மேல் சேறு பூசாதே.’ ‘ஆதாரம் இருக்கா?’ ‘யாராவது உன் போனைத் திருடிட்டாங்களா?’ தப்பித்துக்கொள்ள அந்தக் கடைசிக் கேள்வியே வழி காட்டியது. ஆமாம் என்று எழுதினால் முடிந்தது.

பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார், பிறகு கதவை மூடிக்கொண்டு கிளம்பினார். அவன் ‘ஆமாம்’ என்று எழுதாமல் ‘அவங்க’ என்று எழுதி நிறுத்தியிருந்தான். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. திரையின் மேல்பக்கத்தில் நான்காவது பதில் வந்து விழுந்தது, பிறகு ஐந்தாவது.