பட்டினி கிடந்த கழுகு

கட்டட வேலையிடத்தில் எல்லோரும் அவளைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். உச்சி கிரேனின் சின்னக் கூண்டில் உட்கார்ந்து, கீழே எறும்பாய்த் தெரியும் ஆட்களின் கைக்கு நேராகக் கம்பிக் கட்டைப் பூப்போல இறக்கிவைப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் க்ரோன் நோய். குடலில் புண், வலி, நேரங்காலம் இல்லாமல் கழிப்பறைக்கு ஓட்டம். கூண்டில் கழிப்பறை ஏது? ஏணியில் இறங்கி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

ஒரே வாரத்தில் இரண்டு முறை பாதி வேலையில் இறங்கிவிட்டாள். மேற்பார்வையாளர் கடுகடுத்தார்.

"இன்னொரு தடவை இப்படி இறங்கினா வேற ஆளை ஏத்திடுவேன். கண்ணாடிப் பலகையெல்லாம் வரப்போகுது, தெரியுமில்ல?"

காரணத்தைச் சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கும் திறக்கவில்லை. வேலை நாளில் பகலெல்லாம் பட்டினி. வயிறு காலியாக இருந்தால் எதற்கு ஓடப்போகிறது என்பது அவள் கணக்கு.

அவள் துரும்பாய்த் தேய்வதைக் கண்டுபிடிக்க, தையல்காரனான கணவனுக்கு அளவு நாடா தேவைப்படவில்லை. அவன் பங்குக்கு அவனும் ஒரு ரகசிய வேலை செய்தான்.

ஒரு நாள் ஏணியின் கடைசிப் படியில் அவளுக்குத் தலை சுற்றியது. மறுநாளே மருத்துவமனையில், உணவு ஆலோசகர் அம்மாளின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலைக்குப் போற அன்னைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"நல்லாத்தான் சாப்பிடுவேன், மேடம்."

"பொய், மேடம்! டப்பா போன மாதிரியே திரும்பி வருது" என்றான் கணவன்.

"டப்பாவை வேவு பாக்குறியா நீ?"

"பாக்காம? ராத்திரி சாப்பாட்டுல நான் போடுற பொடி இல்லேன்னா நீ எப்பவோ படுத்திருப்பே!"

"என்ன பொடி?" பெண்கள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அவன் தலையைச் சொறிந்தான். "தவிடு... கொஞ்சம் ஆளிவிதை. சத்துன்னு விளம்பரத்துல சொன்னாங்க."

"அடப்பாவி! அதான் ராத்திரியெல்லாம் வயித்துல கத்தி சொருகினாப்ல இருந்துச்சா?"

ஆலோசகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்க குடல் ஒரு இடத்துல சுருங்கியிருக்கும்மா. தவிடும் விதையும் அங்க போய் மாட்டிக்கும். ஆனா பட்டினி கிடந்தா மட்டும் புண்ணு ஆறிடுமா? ரத்தம்தான் குறையும்."

தோல் சீவிக் குழைய வேகவைத்த காரட், முட்டை, முள் நீக்கிய மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் குறைந்திருந்த இரும்புச்சத்துக்கும் டி வைட்டமினுக்கும் மாத்திரை, பி12-க்கு ஊசி. "டாக்டர் குடுத்த மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க. சாப்பாடு அதுக்குத் துணைதான், பதில் இல்லை. இன்னொண்ணு, வேலை செய்யற இடத்துல சொல்லிடுங்க."

கடைசியாகச் சொன்னதுதான் கசப்பு மருந்து. அதை விழுங்க அவளுக்குப் பல வாரம் பிடித்தது. அதற்குள் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது, ஏணியில் மூச்சு வாங்குவது குறைந்திருந்தது. ஆனால் வயிறு அவ்வப்போது முறுக்கத்தான் செய்தது. கண்ணாடிப் பலகைகள் வந்திறங்கிய காலையில், மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நீ வீட்டுக்காரரோட போன்ல சண்டை போடத்தான் இறங்குறேன்னு நெனச்சேன்!"

"அதுவும் உண்டு சார். ஆனா அதுக்காக இறங்க மாட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மேல மயங்கி விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? சரி, இப்படிப் பண்ணலாம். கண்ணாடியைப் பிரிச்சுப் பிரிச்சு ஏத்தலாம். நடுவுல மாத்து ஆள் கம்பியைத் தூக்கட்டும். கண்ணாடிக்கு உன் கைதான் வேணும்."

அன்றைக்கு நடுவில் ஒரு முறை இறங்கத்தான் வேண்டியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் திரும்ப ஏறி, வாழைப்பழத்தை நிதானமாக மென்று முடித்துவிட்டு, வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"கழுகு வந்தாச்சு. அடுத்த கண்ணாடியைக் கட்டுங்கப்பா."