சிவப்பு ஸ்வெட்டரை மூடிய இலைகள்

என் தம்பிக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அவன் பெண்டாட்டி அதற்கும் மேல். இந்த இரண்டு ஊமைகளுக்கும் சேர்த்துப் பேசிப் பேசியே என் தொண்டை வற்றிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் அவர்களுடைய ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். இந்த வருடம் இலை பழுக்கத் தொடங்கியதும் தம்பி முன்னறையில் பெரிய கேன்வாஸை மாட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் மரச்சாலையை வரைந்தான். சாலை நடுவே முதுகைக் காட்டியபடி, சிவப்பு ஸ்வெட்டரில் பிள்ளை. விரல் நீளம்தான் இருப்பான். தலையை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிற அந்த நடை! பாவி, அப்படியே கொண்டுவந்துவிட்டான்.

"போட்டோவுல எல்லாம் விறைச்சுக்கிட்டு நிக்கிறான் அக்கா. இதுல மட்டும்தான் நடக்கிறான்" என்றாள் தம்பி பெண்டாட்டி. காலையில் எழுந்ததும் அதன் முன்னால்தான் போய் நிற்பாள்.

நேற்றுக் காலை பார்த்தால் பிள்ளையைக் காணோம். அவன் நின்ற இடத்தில் மஞ்சள் இலைக் குவியல்.

"ஏண்டா, உனக்கு என்ன கேடு? பெத்த பிள்ளைய ரெண்டாவது தடவை புதைக்கிறியா?" என்று கத்தினேன்.

"பார்க்க முடியலக்கா."

அதற்குள் அவள் வண்ணம் கரைக்கிற டர்பன்டைனில் துணியை நனைத்து இலைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அடியில் இருப்பது காய்ந்திருக்கும், மேல்வண்ணம் மட்டும் வரும் என்பது அவள் கணக்கு. அவன் தப்பாகப் போட்டதையெல்லாம் இத்தனை வருடம் துடைத்துக் கொடுத்தவள். மஞ்சள் வந்தது. கூடவே சிவப்பும் வந்தது.

"ஐயோ, வேணாம்!" தம்பி ஓடிவந்தான். பழைய உருவத்தைச் சுரண்டிவிட்டு, முந்தின ராத்திரிதான் பிள்ளையை இன்னும் நன்றாகத் திரும்ப வரைந்தானாம். பிறகு பார்க்கத் தாங்காமல் இலையால் மூடினானாம். எதுவும் காயவில்லை.

"திரும்ப வரைங்க" என்றாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி தூரிகையைச் சிவப்பில் தோய்த்துக் கேன்வாஸ்வரை கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது.

"ராத்திரி கைக்குத் தெரிஞ்சுது... தலையை எந்தப் பக்கம் சாய்ப்பான்?"

"இடது பக்கம். இல்ல... வலது" என்றவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க அக்கா."

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் எனக்கு. என் தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தேன், பிறகு வலது பக்கம்.