சாம்பிராணிக்கு நூறு

பிச்சுமணி குலையைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பாளையங்கோடன் வாழைக்குலை பச்சையாகவே இருந்தது. கிளி பார்த்தால் சொந்தக்காரன் என்று பக்கத்தில் வந்து உட்காரும், அப்படி ஒரு பச்சை.

"ஓய் நயினார், ஞாயித்துக்கிழமை கரமனையில கல்யாணம். இலைக்கு ஒரு பழம் வைக்கணும். பிரதமன் பாயசத்துல பழத்தைப் பிசைஞ்சு சாப்பிடறவாளுக்கு இன்னொண்ணு. இதை வச்சா மாப்பிள்ளையாத்துக்காரா என்னைப் பிடிச்சுப் பிசைவா."

அவர் சமையல் காண்டிராக்டர். முப்பது வருஷமாக அவருடைய கல்யாணங்களுக்கு சாலை மார்க்கெட்டில் ஆறுமுகநயினார் கடைதான் பழம் கொடுக்கிறது. முப்பது வருஷமும் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்த பழம். இந்தத் தடவைதான் புதிய சேம்பர்.

"சனிக்கிழமை சாயங்காலம் வருவேன். மஞ்சளா இருந்தா எடுத்துப்பேன். இல்லேன்னா வேற கடை." பிச்சுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

ஆறுமுகநயினார் அண்ணாச்சி லிபியைப் பார்த்தார். லிபி சேம்பரைப் பார்த்தாள். சேம்பருக்குப் பார்க்க யாருமில்லை.

பாறசாலைக்காரி லிபி, பழம் பழுக்க வைக்கப் பயிற்சி எடுத்துக் கடைக்கு வேலைக்கு வந்தவள். குளிரூட்டிய அறைக்குள் எத்திலீன் வாயு கொஞ்சமாக விட்டால் பழம் ஒரே சீராகப் பழுக்கும், புகை வேண்டாம், கண்ணெரிச்சல் வேண்டாம் என்று அண்ணாச்சியைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். இது முதல் லோடு. இது கெட்டால் சேம்பர் சாக்கு அடுக்கும் அறையாகிவிடும், அவளும் பாறசாலைக்கு பஸ் ஏறவேண்டியதுதான்.

"மக்ளே, வாயு இருக்கா இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு அண்ணாச்சி. காலையில கண்ணாடி டியூப் வச்சு அளந்தேன். நூறு பிபிஎம்முக்கு மேலேயே நிக்கி."

"பின்னே ஏன் பழுக்கல்ல?"

"அதுதான் தெரியல்ல."

மூலையில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த வேலாயுதன் சிரித்தான். லோடு இறக்குகிறவன். பழைய புகை மூட்டத்தைப் போட்டவனும் அவன்தான், அதனால் சிரிக்க அவனுக்குக் காரணம் இருந்தது. "எந்தினா கொச்சே, எதுக்கு இந்தக் கண்ணாடிக் குழல்? என் மூக்கு போதுமே. உள்ளே போனா சாம்பிராணி மணம் மட்டும்தான் வருது."

"உம்ம மூக்குல எத்தனை பிபிஎம்னு எழுதியிருக்கா வேலாயுதண்ணா?"

"எழுதல்ல. ஆனா இது வரைக்கும் எந்தக் குலையும் என்னைப் பார்த்துப் பச்சையா நின்னதில்ல."

லிபிக்குக் கோபம் வந்தது. 

அவள் செய்ததில் தப்பு எங்கே என்று அவளே ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். திங்கள் மாலை குலைகளை அடுக்கி, சிலிண்டரின் ரெகுலேட்டரை மயிரிழை திறந்தாள். செவ்வாய் காலை கடைக்கு வந்ததும் சேம்பர் கதவிலுள்ள சின்னத் துளை வழியாக அளந்தாள். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே வெளிர்மஞ்சள் பொடி. இரண்டு முனையையும் ஒடித்து, அம்புக்குறி பம்பைப் பார்க்கும்படி செருகி, பம்பின் கைப்பிடியை இழுத்துக் காத்திருந்தால் காற்று உள்ளே ஏறும். எத்திலீன் இருந்தால் பொடி நீலமாகும். நீலம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ அதுதான் அளவு. அன்று நீலம் நூறைத் தாண்டி ஓடியது. நூறே போதும், இது அதிகம் என்று ரெகுலேட்டரை இறுக்கினாள். இன்று, புதன் காலையும் அதே நீலம். குலைகளே வாயு விட ஆரம்பித்துவிட்டன போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு முழுசாக மூடிவிட்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு பிச்சுமணி வரும்வரைதான்.

"டியூப் கெட்டுப்போயிருக்கும்" என்றாள். சொன்னதும் அவளுக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. டியூப் செய்தவன் எங்கேயோ இருக்கிறான், அவன் மேல் பழி போட்டால் அவன் வந்து கேட்கப் போவதில்லை. "இங்கே கடைக்குள்ளே எத்திலீன் கிடையாது. இங்கே இழுத்தா மஞ்சளாவே நிக்கணும். நீலமானா டியூப் சரியில்ல. பாருங்க."

அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கும் மனநிலை இல்லை. சங்கடம் வந்தால் அவர் செய்வது ஒன்றுதான். கல்லாப்பெட்டிக்கு மேலே முத்தாரம்மன் படம். அதன் முன்னால் தூபக்காலில் கரியை ஊதிக் கனலாக்கி ஒரு பிடி சாம்பிராணியைப் போட்டார். புகை எழுந்து அம்மனை மறைத்தது.

லிபி கல்லாப்பெட்டிப் பக்கம் நின்று புது டியூபை ஒடித்து இழுத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

நீலம் ஓடியது. ஓடி, நூறில் போய் நின்றது.

"அடேங்கப்பா" என்றான் வேலாயுதன். "அம்மன் பழுத்துக்கிட்டிருக்கா."

"வாயை மூடும் ஓய்" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவரும் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

லிபி சிரிக்கவில்லை. இன்னொரு டியூபை ஒடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே, ஆட்டோப் புகை இல்லாத இடமாகப் பார்த்துப் போய் இழுத்தாள். மஞ்சள். மஞ்சளாகவே நின்றது. ஆக டியூப் கெடவில்லை. திரும்பி வந்து தூபக்காலைப் பார்த்தாள். கனன்றுகொண்டிருந்த கரியைப் பார்த்தாள். கரிப்புகையிலுள்ள விஷவாயுவுக்கும் இந்தப் பொடி நீலமாகும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பழக்கடையில் கரிப்புகைக்கு என்ன வேலை என்று அவள் அதை அன்றே மறந்திருந்தாள்.

"அண்ணாச்சி, சேம்பருக்குள்ளே சாம்பிராணி காட்டுறீங்களா?"

"காட்டாம? புது அறை. ஒரு சாமி படம்கூட இல்ல. காலையில கடை திறந்ததும் தூபக்காலை உள்ள வச்சு, கதவைச் சாத்தி, நல்லா புகை பிடிச்ச பொறவு எடுப்பேன். நீ வர்றதுக்கு முன்னாடியே."

"உள்ளேயே நிப்பீங்களோ?"

"கும்பிட்டுட்டு நிப்பேன். கொஞ்சம் தலை கிறுகிறுன்னு வரும்." குரலைத் தாழ்த்தினார். "அம்மன் இறங்குதாளோன்னு நெனச்சேன், கேட்டியா."

"அம்மன் இல்ல அண்ணாச்சி, கரிப்புகை. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நீங்கதான் மேலே ஏறியிருப்பீங்க."

வேலாயுதன் மடித்த சாக்கை மறுபடி உதறி மடித்தான். முகத்தை மறைக்க அவனுக்கு அது தேவைப்பட்டது.

"அப்போ வாயு?"

"வாயு இல்லவே இல்ல. டியூப் காட்டினது உங்க சாம்பிராணியை. அதை நம்பி நான் சிலிண்டரை மூடிட்டேன். டியூப் மேல தப்பில்ல. அந்த மணம் எனக்கும் வந்துச்சு. கடை மணம்னு விட்டுட்டேன்."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். "சாமிக்குக் காட்டாத அறையில பழம் எப்படி மக்ளே பழுக்கும்?"

"காட்டுங்க. கதவுக்கு வெளியே நின்னு காட்டுங்க. நான் அளந்து முடிச்ச பொறவு."

"அம்மனைக் காத்திருக்கச் சொல்லுதியா?"

"பிச்சுமணி சாமி காத்திருக்க மாட்டார். அம்மன் இருப்பா."

அவர் யோசித்தார். முத்தாரம்மனையும் பிச்சுமணியையும் தராசில் வைத்தது போல முகம் இரண்டு பக்கமும் போய் வந்தது. கடைசியில், "செரி. போய் திற" என்றார்.

அவள் கதவை அகலத் திறந்து புகை வெளியேற விட்டாள். பிறகு சாத்தி, ரெகுலேட்டரைத் திறந்தாள். சீக்கிரம் பழுக்கட்டும் என்று குளிரையும் கொஞ்சம் குறைத்தாள். அன்று மதியம் இழுத்த டியூப் நூறுக்கு நீலமானது. இந்த நீலத்தை நம்பலாம். ஆனாலும் நம்பாமல் இன்னொன்றை ஒடித்து இழுத்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் வந்தபோது அண்ணாச்சி சேம்பர் கதவுக்கு வெளியே, கொஞ்சம் எட்டியே, கரி போடாத தூபக்காலோடு நின்றிருந்தார். அவள் அளந்து முடித்ததும், "எவ்வளவு?" என்றார்.

"நூறு."

"அப்போ கொளுத்தலாம் இல்லியா?"

"வாசல் பக்கம் போய்க் கொளுத்துங்க."

சனிக்கிழமை சாயங்காலம் பிச்சுமணி வந்தார். வேலாயுதன் கதவை இழுத்தான். முதலில் மணம் வந்தது, சாம்பிராணி இல்லை, பழம். மேலடுக்கு, நடு அடுக்கு எல்லாம் மஞ்சள், காம்பில் மட்டும் பச்சைக் கோடு. பிச்சுமணி மேலேயிருந்து ஒவ்வொரு அடுக்காகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். கடைசி அடுக்குக்கு வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"இது பச்சை."

"தரைக் குளிர்ச்சி சாமி" என்றாள் லிபி. "அடுத்த லோடுல அடியில பலகை போடுவேன்."

அடுத்த லோடு என்ற வார்த்தைக்கு அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை.

"போறது, துவரன் பொரியலுக்கு ஆச்சு" என்று பிச்சுமணி பச்சையையும் சேர்த்து ஏற்றச் சொன்னார்.

வண்டி போனதும் அண்ணாச்சி அன்று காலை நீலமான டியூபை எடுத்து அம்மன் படத்தடியில் பூவோடு வைக்கப் போனார்.

"முனை ரெண்டும் உடைஞ்ச கண்ணாடி அண்ணாச்சி. கையைக் கிழிச்சுக்குவீங்க. கொடுங்க இங்கே."

அவள் அதை வாங்கி உடைந்த கண்ணாடி போடும் டப்பாவில் போட்டாள். அண்ணாச்சி பூவை மட்டும் வைத்தார்.