பட்டியலில் இல்லாத பட்டம்

நூலகராகப் படிக்கப் போவதாகச் சுலக்ஷனா சொன்னதும் தாய்மாமன் முத்துலிங்கம் கேட்ட முதல் கேள்வி, "அதுக்குக் கறுப்புக் கவுன் போடுவாங்களா?" என்பதுதான்.

போடுவார்கள், ஆனால் படித்து முடித்த பிறகு என்றாள் அவள். மாமாவின் முகம் வாடிவிட்டது. அவர் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர். எந்த நல்ல காரியமும் தன் பதவிக் காலத்துக்குள் நடந்து முடிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மூன்றே நாளில் ஹட்டனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் 'சிகரம் குளோபல் இன்டர்நெஷனல் கெம்பஸ்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே சேருகிற அன்றே கவுனை மாட்டிப் படம் பிடித்துக் கொடுப்பார்களாம். படிப்பெல்லாம் பிறகு, வசதிப்படி.

சுலக்ஷனாவின் கவலை வேறு. உயர்தரப் பரீட்சையில் அவள் எடுத்திருந்த புள்ளி, அரச பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற எல்லையில் நின்றது. விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று வியாழன். அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் அடங்கிய ஃபைலோ மாமாவின் கக்கத்தில். சேர்ந்த கையோடு மூலப் பிரதிகளை வளாகமே வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது மேல்மாடியின் நிபந்தனை.

மேல்மாடியில் பணிப்பாளர் ஜனார்த்தனன் எழுந்து நின்று வரவேற்று, தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். முன்பக்கத்தைப் பட்டங்களே அடைத்துக்கொண்டதால் பெயர் பின்பக்கத்துக்குப் போயிருந்தது.

"வாங்க தலைவர்! உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்க கௌரவப் புரவலரா இருக்கணும். மேடையில முதல் வரிசை உங்களுக்கு."

இரவல் கோட்டுக்குள் மாமாவின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது.

"இது எந்தப் பல்கலைக்கழகத்தோட பட்டம் சார்?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ள அடக்கிற முடியாது, மகள். பதினேழு நாட்டுல அங்கீகாரம்."

"எந்தெந்த நாடுங்க?"

"சிலது இப்பதான் உருவாகிட்டு இருக்கு."

அவள் போனைத் திறந்து, அரச வர்த்தமானியில் நூலகர் வேலைக்கு வந்திருந்த அறிவித்தலைக் காட்டினாள். "பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏத்துக்கிட்ட பட்டம் வேணும்னு போட்டிருக்கு. அவங்க பட்டியல்ல உங்க பேரைத் தேடினேன். காணல."

"அது உள்ளூர்ப் பட்டியல். நம்ம ரேஞ்சே வேற!"

"உங்க நூலகத்தைப் பாக்கலாமா சார்?"

பணிப்பாளர் முதுகுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு கண்ணாடி அலுமாரி. சட்டக் கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி மட்டும் ஆறு பிரதிகள். பக்கத்தில் கோழி வளர்ப்பு. அதற்கடுத்து ஓர் ஆங்கில அகராதி.

"எந்த முறையில அடுக்கியிருக்கீங்க?"

"உயரம், மகள். நெட்டை இந்தப் பக்கம், குட்டை அந்தப் பக்கம். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"ஒண்ணை எடுத்துப் பாக்கலாமா?"

"சாவி நாவலப்பிட்டியில இருக்கு."

மாமா அவள் முழங்கையில் இடித்தார். "புள்ள, பெரியவங்ககிட்ட வாய் காட்டாத. போடு கையெழுத்த." ஃபைலை மேசைமேல் வைத்தார். பணிப்பாளரின் கை அதை நோக்கி நகர்ந்தது. அதற்குள் சுலக்ஷனாவின் உள்ளங்கை அதன்மேல் விழுந்துவிட்டது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல கண்டாக்கையா செக்ரோல் புத்தகத்துல அம்மா பேரை எழுதாம விட்டுட்டாருன்னு வச்சுக்குங்க. அம்மா சாயங்காலம் வரைக்கும் மலையில நின்னு கொழுந்து எடுக்குது. அப்ப என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? பேர் இல்ல! முப்பது கிலோ எடுத்தாலும் அன்னைக்கு வேலை செஞ்சதாவே கணக்கில்ல. அதுக்குத்தானே போன மாசம் ரெண்டு நாள் வேலைய நிப்பாட்டினோம்?"

"அந்த ஆணைக்குழுப் பட்டியல்தான் மாமா எனக்குச் செக்ரோல். இங்க நாலு வருஷம் படிச்சாலும், வேலை கேட்டுப் போற அன்னைக்கு எனக்குப் பேர் விழாது."

பட்டங்களைப் பற்றி முத்துலிங்கத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விழாத பேருக்காக இருபத்திரண்டு வருடம் சண்டை பிடித்தவர். நாற்காலி பின்னால் சாய, எழுந்தார்.

"என்னங்க இது? புள்ளைக்குப் பேர் விழாதா?"

"தலைவர், செக்ரோல் எல்லாம் தோட்டத்துல. இது இன்டர்நெஷனல்..."

"எந்த நெஷனலா இருந்தா என்ன? பேர் விழுமா, விழாதா? ஒரே பதில்!"

"அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் குடுத்திருக்கோம். பாதி வேலை முடிஞ்சிருச்சு."

"பாதியா? அப்ப அரைப்பேரா?"

தொழிற்சாலை முற்றத்தில் ஒலிவாங்கி இல்லாமல் பேசிப் பழகிய குரல் அது. வெளியே பிள்ளைகளோடு காத்திருந்த ஏழெட்டுப் பேரும் தோட்டத்து ஆட்கள். அங்கீகாரம், ஆணைக்குழு என்றெல்லாம் உள்ளே நடந்த பேச்சைக் கேட்டும் அசையாதவர்கள், அரைநாள் கூலிக்குத் தோட்டத்தில் சொல்லும் 'அரைப்பேர்' காதில் விழுந்ததும் ஃபைல்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"கவுன் படம் இலவசம்!" என்று பணிப்பாளர் படிக்கட்டைப் பார்த்துக் கூவினார்.

ஒரு தகப்பன் மட்டும் திரும்பி வந்து, "படம் மட்டும் எடுத்துக்கலாங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஃபோட்டோகொப்பிக் கடையில் சுலக்ஷனா விண்ணப்பத்தை நிரப்பினாள். முதல் தெரிவு நூலகவியல். இருமுறை சரிபார்த்து இணையத்தில் அனுப்பி, அச்செடுத்த பிரதியில் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் போட்டாள். ரசீதை வாங்கி ஃபைலுக்குள் வைத்து மூடினாள்.

ஊர் திரும்பும் நோர்வூட் பஸ்ஸில் மாமா கேட்டார்:

"இடம் கிடைக்கலேன்னா என்ன செய்வ?"

"திரும்பப் பரீட்சை எழுதுவேன் மாமா."

அவர் கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்தார். ஏதோ கணக்குப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஆணைக்குழுவுக்குத் தலைவர்னு ஒருத்தர் இருப்பாருல்ல? ஒரு மகஜர் எழுதி, தோட்டத்து ஆளுங்க நூறு பேர்கிட்டக் கையெழுத்து வாங்கிருவமா?" என்றார்.

"ஐயோ, வேணாம் மாமா!"

"அம்பது?"