தறிகள் காத்திருந்த ஐந்து நாள்

கோகிலாவின் ஏழு மாத மகன் ஐந்து நாள் வெளிக்குப் போகவில்லை; அந்த ஐந்து நாளும் சங்கரன்கோவிலில் அவர்கள் தெருவின் இருபத்திரண்டு விசைத்தறிகளும் ஓடவில்லை. மின்சாரம் இருந்தது, மோட்டார் சுற்றியது, ஊடு நூலோடு குறுக்கே ஓடும் நாடா மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டது. ராஜபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, பழுதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை முக்கும்போது நாடா கொஞ்சம் நகர்வதையும், அவன் வீறிட்டு அழுததும் திரும்பிவிடுவதையும் மூன்றாம் நாள் தெரு கண்டுகொண்டது. அதோடு கோகிலாவின் நிம்மதி போயிற்று. ஆளுக்கொரு வைத்தியத்தோடு வாசலில் நின்றார்கள். ஒருத்தி சோப்புத் துண்டைச் சீவி எடுத்து வந்தாள். தறி முதலாளி சண்முகையா வெற்றிலையோடு வந்தார்.

“காம்பை எண்ணெயில முக்கி வச்சாப் போயிருவான்ட்டி. எங்க பொழப்பும் கெடக்குல்லா.”

“உங்க தறிக்கு வச்சுப் பாருங்க அண்ணாச்சி.”

வாய்த்துடுக்கு என்று தெரு முணுமுணுத்தது. பிள்ளை காலை மடக்கிக்கொண்டு கதறுவதை விட்டுவிட்டுத் தறியைப் பற்றியே பேசுகிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐந்தாம் நாள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, பயமில்லை, வாந்தியோ ரத்தமோ கண்டால் உடனே தூக்கி வா என்றார். காம்பும் சோப்பும் கூடவே கூடாது என்றார். பிறகு, பால்பவுடர் எத்தனை கரண்டி என்று கேட்டார். டப்பாவில் போட்டிருக்கிறபடிதான் என்றாள் கோகிலா. வீட்டுக்கு வந்து பார்த்தால், பத்து நாள் வரவேண்டிய டப்பா எட்டு நாளிலேயே காலி. அவள் கணவனின் அக்கா சங்கரேஸ்வரி, பால் கலக்கும்போதெல்லாம் பாசத்தில் ஒரு கரண்டி கூடப் போட்டிருக்கிறாள்.

“பிள்ளை கொழுகொழுன்னு இருக்கட்டும்னுதான் போட்டேன்.”

“தண்ணி அதே தண்ணிதானே மதினி? பெறவு இறுகாம என்ன செய்யும்?”

அன்றைக்கே கரண்டியைத் தலைதட்டி அளந்தாள். நடுநடுவே ஆறவைத்த வெந்நீர் இரண்டு மடக்கு, மசித்த பப்பாளி, மல்லாக்கப் படுக்கவைத்து சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை ஆட்டுவது, எல்லாம் டாக்டரம்மா சொன்னபடி. ஆறாம் நாள் காலை பத்தரை மணிக்குப் பிள்ளை வெளிக்குப் போனான். இருபத்திரண்டு தறியும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. தெருவே தறியைப் பார்க்க ஓடியது. கோகிலா துணியை அலசியபடி அழுதாள்.

இப்போதும் சண்முகையா தினமும் காலையில் அவள் வாசலுக்கு வந்து, பிள்ளை போயிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறார். அவன் விடியுமுன்னே போயிருந்தாலும், கோகிலா உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் பதில் சொல்லுகிறாள். அதுவரை தெரு காத்திருக்கிறது.