பிரசவ அறைக்குப் போகும் பாதங்கள்

தரையில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி என் வீட்டுக்காரர் சுந்தர்ராஜிடம் கேட்டுப் பாருங்கள். "ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா? தொடைக்கிறதுதேன் வேலை" என்பார். சொல்வது அவர், துடைப்பது நான். தேனியில் ஸ்டிக்கர் கடை போட்ட நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு.

அன்றைக்கு வேலை வீரபாண்டி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். புதிதாகக் கட்டிய பிரசவப் பிரிவுக்குப் பத்து மணிக்குத் திறப்பு விழா. வார்டிலிருந்து பிரசவ அறை வாசல்வரை நீல நிறத்தில் பாதங்கள் ஒட்ட வேண்டும். வலி எடுத்தவர்கள் வழி கேட்டுக்கொண்டு நிற்காமல் பாதத்தின்மேல் பாதம் வைத்துப் போய்விடலாம். ஒவ்வொன்றும் முறம் அகலம். வழுக்காமலிருக்க மேலே சொரசொரப்பான உறை உண்டு.

வேறு ஆஸ்பத்திரியாக இருந்தால் எனக்கு இத்தனை படபடப்பு வந்திருக்காது. அங்கேதான் என் மகள் ஜாய்ஸ் நிறைமாதமாகப் படுத்திருந்தாள். போன தடவை போடியில் மாமியார் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து ஈரத் தரையைக் கண்டால் துடைத்துக் காயவைக்காமல் நான் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. டாக்டரம்மா வேறு, நடக்க விடுங்கள், நடந்தால்தான் நல்லது என்று சொல்லிவிட்டார். எங்கே நடப்பாள்? நாங்கள் ஒட்டப்போகிற அந்த வராந்தாவில்தான்.

விடிந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, சோப்புப் பிசுக்குப் போக நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் டைல் டைலாகத் தேய்த்தேன். செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தால் அதில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. இல்லை.

"இனிமே ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு இட்லிப் பொட்டலத்தோடு ஜாய்ஸிடம் போனேன். அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றாள்.

"எப்படி வலிக்குது? விட்டு விட்டா?"

"தெரியலம்மா. நீ மூஞ்சிய இப்படி வச்சிட்டு நிக்காத. அதப் பாத்தாத்தேன் எனக்குப் பயமா இருக்கு."

மூஞ்சியை வேறெப்படி வைப்பது? ஆண்டவரே ஆண்டவரே என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

பாதங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. எனக்குக் கை சும்மா இருக்காது, ஒன்றின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வெந்த தோசை கல்லைவிட்டு எழும்புகிற மாதிரி எழும்பிவிட்டது. அடியில் பசை முழுக்க மஞ்சள்.

"என்னங்க இது?"

அவர் குனிந்து மோந்து பார்த்தார். "மஞ்சப்பொடி வாசம் அடிக்குதே."

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் முனீஸ்வரி பக்கெட்டோடு அங்கேயே நின்றாள். கௌமாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாள். சேலையும் மஞ்சள்.

"நாந்தேன்க்கா தெளிச்சேன்" என்றாள். "நீங்க அங்கிட்டுப் போனீக, அண்ணன் டீ குடிக்கப் போனாக. கோயில்ல இருந்து கொண்டாந்த மஞ்சத் தண்ணி. புதுக் கட்டடம், மொதப் பிரசவம் நம்ம ஜாய்ஸுக்கா இருந்துட்டா ஆத்தா கண்ணு தொறந்து பாக்கணும்ல? வேண்டிக்கிட்டுத் தெளிச்சேன். ஒடனே காஞ்சிருச்சுக்கா."

தண்ணீர் காய்ந்தது சரி, பொடி எங்கே போகும்? சந்தன நிற டைலில் அது கண்ணுக்கே தெரியவில்லை. வேறு யாராவது இந்த வேலை செய்திருந்தால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். என் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறவளை எந்த வாயால் திட்டுவது? திட்ட முடியாத கோபம் எல்லாம் என் வீட்டுக்காரர் மேல் திரும்பியது.

"கைய வச்சுப் பாத்துட்டு ஒட்ட மாட்டீகளா? அம்புட்டையும் பிரிங்க!"

"ஏ ராணி, மணியப் பாரு. நாளைக்கு வந்து மாத்திக்கலாம்."

"இன்னிக்கு ஒங்க மக நடப்பா. அவ காலுக்கடியில இது நகண்டுச்சுன்னா? இன்னொரு தடவ தாங்குவாளா அவ?"

அவர் வெளியே ஓடினார். வண்டியில் கிடந்த கூடுதல் பாதங்களைக் கொண்டுவந்தார். முனீஸ்வரியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள். உரித்தோம், தேய்த்தோம், டேப் வைத்துப் பார்த்தோம், ஒட்டினோம். ஸ்பிரிட் வாடையில் தலை சுற்றியது. வராந்தாவின் ஒரு பக்கம் நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள், மறுபக்கம் குத்துவிளக்கும் பூந்தொட்டிகளும் வந்து இறங்கின. நடப்பதற்கென்று மிஞ்சியது பாதங்கள் ஒட்டிய நடுப்பகுதி மட்டும்தான்.

கடைசிப் பாதம் பிரசவ அறை வாசலில். அதில் கை வைக்கும்போது மேனேஜர் விஜய்பாண்டி ஓடி வந்தான்.

"யக்கா, ஒட்டுனத எதுக்கு உரிக்கிறீக? சீஃப் கெஸ்ட் பழனிசெட்டிபட்டி தாண்டிட்டாக! எந்திரிங்க!"

"இது ஒண்ணுதேன் தம்பி. அடியில பொடி இருக்கு, பிடிக்காது."

"போட்டோல வாசல்ல பாதம் இருக்கணும்க்கா. ஒத்தப் பாதத்துல என்ன வந்துரப்போகுது? விழா முடியட்டும், அப்பறம் என்னமும் பண்ணுங்க."

ஒற்றைப் பாதம் போதும் தம்பி, ஒரு உயிர் போக. சொல்லவில்லை. மகள் இவர்கள் கையில் அல்லவா இருக்கிறாள், பகைத்துக்கொள்ள முடியுமா? எழுந்து அந்தப் பாதத்துக்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றுகொண்டேன். யார் வந்தாலும் மிதிக்க விடுவதில்லை என்று முடிவு.

வந்தது ஜாய்ஸ். நர்ஸ் திரிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாதமாகக் கால் வைத்து வந்துகொண்டிருந்தாள். வலி கூடிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. ஒட்டிய பாதம் ஒன்றும் அசையவில்லை. நான் அவள் தாண்டிவரும் பாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு முந்தின பாதத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, தண்ணி..." என்றாள். பனிக்குடம் உடைந்து டைல் முழுக்க ஓடியது.

"பிடிச்சுக்கங்க, வீல்சேர் எடுத்தாரேன்" என்று திரிஷா உள்ளே ஓட, என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து மகளைத் தோளோடு தாங்கினார். அதற்குள் அவளுடைய இடது கால் பாதத்தைத் தாண்டி ஈர டைலில் பட்டு, வழுக்கி முன்னால் போனது. நேராக அந்தக் கடைசிப் பாதத்துக்கு.

எப்படி விழுந்தேன் என்று தெரியாது. முட்டி டைலில் மடாரென்று இடித்தது. நான் நெம்பியதில் தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தை ஒரு கையால் அமுக்கி, மறு கையை அவள் காலுக்குக் குறுக்கே தரையோடு விரித்து வைத்தேன். அவள் குதிகால் என் புறங்கையில் வந்து ஏறியது. இரண்டு உயிரின் பாரம். உள்ளங்கைக்கு அடியில் அந்த ஸ்டிக்கர் ஒரு விரல்கடை நழுவியது. ஜாய்ஸ் நழுவவில்லை.

கீழே குனிந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். "ஐயோ, அம்மா கை!" என்று காலைத் தூக்கப் போனாள். என்மேல் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளை அது.

"எடுத்த, கொன்னே போடுவேன்!" என்று கத்தினேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மிதிடீ ஆத்தா. வண்டி வர்ற வரைக்கும் நல்லா மிதிச்சு நில்லு."