பத்தொன்பதாம் தேதி வரைக்கும் வாடகை

ஊர்ச் சபைக்கு எழுதும் ஜெபக் கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று எட்டு வருஷமாகத் தெரிந்த மனுஷன், கடைசியில் போய் இதை எழுதிவைத்தார்: "என் மனைவி தினமும் காலை ஐந்து மணி முதல் பதினொரு மணி வரை ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவளுடைய மணிக்கட்டு வலிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்."

போதகருக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் யாரும் கேட்காத கேள்விக்குக்கூட உண்மையைப் பதிலாகச் சொல்லிவைக்கிறாரே, அதைத்தான் அவர் மனைவியால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஊரில் காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்த்த காலத்திலேயே அவளுக்குக் 'கறார் டீச்சர்' என்று பெயர். கடல் தாண்டி வந்த பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது.

கடிதம் மிஷனெரி சங்கத்தின் மாதப் பத்திரிகையில் அச்சாகி, ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்கப்பட்டது. அவ்வளவுதான், சங்கத்தின் மானம் கப்பலேறிவிட்டதாம். நாம் அனுப்பிய மிஷனெரியின் மனைவி யாரோ படுத்து எழுந்த விரிப்பைத் தேய்ப்பதா என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். செயலாளரிடமிருந்து உடனே செய்தி பறந்து வந்தது: "சகோதரி, மேற்படி வேலையை உடனே நிறுத்தவும். முழுநேர ஊழியர் குடும்பம் வெளியில் சம்பளம் வாங்கக் கூடாது என்பது சங்க விதி. வியாழக்கிழமை காணொலியில் கமிட்டி கூடுகிறது."

"பார்த்தீங்களா நீங்க செஞ்ச வேலையை?" என்று டீச்சர் போனைப் போதகரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நான் ஜெபிக்கத்தானேம்மா சொன்னேன்" என்றார் பாவமாக.

இவர் மேல் எப்படிக் கோபப்படுவது! 

விஷயம் இதுதான். சங்கம் மாதாமாதம் நாற்பதாயிரம் அனுப்புகிறது. எட்டு வருஷத்துக்கு முன்பும் நாற்பதாயிரம், இன்றைக்கும் நாற்பதாயிரம், ஒரு பைசா குறையவில்லை. வந்த புதிதில் அதை இந்த ஊர்ப் பணமாக மாற்றினால் வாடகை போக, சாப்பாடு போக, பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் வாங்கிய பிறகும் கையில் கொஞ்சம் நிற்கும். அப்புறம் நம் ஊர்ப் பணம் சரிய ஆரம்பித்தது. பணம் மாற்றும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் முதலில் சிரித்துப் பேசுவாள். பிறகு பேச்சைக் குறைத்தாள். போன வருஷத்திலிருந்து டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே நோட்டைத் தள்ளிவிடுகிறாள். நாற்பதாயிரம் பாதியாகிப்போனதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்.

அந்த வீட்டின் முன்னறையில் பதினான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒன்றுக்கும் காது கேட்காது. அந்த நகரத்துப் பள்ளிக்கூடங்களில் இவர்களுக்குக் கைமொழியில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. டீச்சர் இரண்டு வருஷம் அல்லாடி அந்த ஊர்க் கைமொழியைக் கற்றுக்கொண்டு, மதியம் ஒன்றிலிருந்து ஆறு மணி வரை நடத்துகிறாள். வாடகையில் ஒரு மாதம் தவறினால் அறை போய்விடும், பிள்ளைகள் மறுபடியும் அவரவர் வீட்டு மூலைக்குப் போய்விடுவார்கள். போன வாரம்தான் ஒன்பது வயசுச் சிறுமி ஒருத்தி, கூட்டிப்போக வந்த தன் தாயைப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக 'அம்மா' என்று கையால் கூப்பிட்டாள். அந்தத் தாய் செருப்பைக் கழற்றியது கழற்றியபடி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். டீச்சரும் அழுதாள். கறார் எல்லாம் அன்றைக்குக் காற்றில் போய்விட்டது. இதை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குச் சலவைக்கூடத்தில் பதினைந்து நிமிஷம் இடைவேளை. டீச்சர் தலையில் மாட்டிய வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தலையணை உறைகளை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே நின்றாள். பின்னால் பெரிய இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது.

திரையில் ஒரு கட்டத்தில் செயலாளர், ஒரு கட்டத்தில் தலைவர், ஒரு கட்டத்தில் வங்கியில் வேலை பார்க்கும் இளம் பொருளாளர். நான்காவது கட்டத்தில் போதகர், வீட்டு முன்னறையில், பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய சுவருக்கு முன்னால்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். இது என்ன இடம்?" என்றார் செயலாளர், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"ஸ்தோத்திரம். நான் வேலை பார்க்கிற இடம். பதினைந்து நிமிஷம்தான் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

"இதுல என்ன அவசரம்? நீங்க அந்த வேலையை விட்டா எல்லாம் முடிஞ்சுது."

"விட்டுடறேன் ஐயா. நீங்க அனுப்புற பணம் வீட்டு வாடகைக்கே பத்தொன்பதாம் தேதி வரைக்கும்தான் வருது. இருபதாம் தேதியிலிருந்து நாங்க யார் வீட்டுல இருக்கிறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"விசுவாசம் வேணும் சிஸ்டர். கர்த்தர் பார்த்துக்குவார்."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கார்? இந்த வேலையைக் குடுத்ததே அவர்தான்னு நான் நினைக்கிறேன். நீங்க யார் குடுத்ததுன்னு நினைக்கிறீங்க?"

பொருளாளர் சட்டென்று குனிந்துகொண்டான். சிரிக்கிறான் என்பது உச்சந்தலையைப் பார்த்தாலே தெரிந்தது.

தலைவர் ஓய்வு பெற்ற டாக்டர், நிதானமான மனிதர். "படியைக் கொஞ்சம் கூட்டிக் குடுக்க முடியாதா?" என்று கேட்டார்.

"எங்கிருந்து கூட்டுறது? இங்கேயே கிராமத்து ஊழியர்களுக்கு மூணு மாசப் பாக்கி நிக்குது" என்று செயலாளர் எகிறினார். "சிஸ்டர், சுத்தி வளைக்க வேணாம். ஒண்ணு, அந்த வேலையை விடுங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிடுங்க. டிக்கெட் போட்டுடறோம்."

"ரெண்டுமே முடியாது" என்றாள் டீச்சர்.

"அப்படீன்னா அடுத்த மாசத்திலிருந்து படி நின்னுபோகும்."

"நிறுத்திக்குங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. டீச்சருக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒரு ஆள் சம்பளத்தில் வாடகை கட்டிவிட்டு மீதியில் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று அவளுக்கா தெரியாது? ஆனாலும் அந்த நேரத்தில் தலையைக் குனிய அவளுக்கு மனசு வரவில்லை. சோறு குறைந்தால் குறையட்டும், அந்த அறை பூட்டப்படக் கூடாது.

"போதகரே, நீங்க என்ன சொல்றீங்க? வீட்டுக்காரம்மாவுக்கு நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?" என்று செயலாளர் நான்காவது கட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போச்சு, இந்த மனுஷன் இப்போது எந்த உண்மையை அவிழ்த்துவிடப் போகிறாரோ என்று டீச்சர் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"அங்க துணி மடிக்க ஒரு ஆள் தேவைப்படுதாம்" என்றார் போதகர் மெதுவாக. "நேத்து சாயங்காலம் போய்க் கேட்டுட்டு வந்தேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இவகிட்ட இன்னும் சொல்லலை."

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் அவளிடம் ஒரு விஷயத்தை ஒரு ராத்திரி முழுக்க மறைத்து வைத்திருந்தது இதுதான் முதல் தடவை.

"ஊழியக்காரர் துணி மடிக்கிறதா! எங்க போய் முட்டிக்கிறது?" என்று செயலாளர் தலையில் கை வைத்தார்.

"ஐயா, இன்னொரு விஷயம்" என்றாள் டீச்சர். "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசமாச்சு. தசமபாகத்தை எடுத்துத் தனியா வச்சிருக்கேன். சம்பளத்துல பத்துல ஒண்ணு, நம்ம ஊர்ப் பணத்துக்கு மாத்தினா மாசம் எட்டாயிரத்து எண்ணூறு வருது. சைக்கிள்ல கிராமம் கிராமமா போவாரே அந்த ஊழியர், அவருக்கு நீங்க எவ்வளவு குடுக்கிறீங்க?"

"எட்டாயிரம்" என்றான் பொருளாளர், தலையை நிமிர்த்தாமலே.

"இனிமே அவர் சம்பளம் என் பொறுப்பு. உங்க பணம் எங்ககிட்ட வந்தா பாதியாகுது. எங்க பணம் உங்ககிட்ட வந்தா ரெண்டு மடங்காகுது. அது உங்க தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. ஆனா இஸ்திரி போடுறது கேவலம்னு இனிமே யாரும் எனக்குக் கடிதம் போடக் கூடாது, சொல்லிட்டேன். மணி அடிச்சிடுச்சு, நான் போகணும்."

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்பினாள். முதல் விரிப்பு கோணலாகப் போய்விட்டது. திரும்ப எடுத்து நேராகப் போட்டாள்.

படி நின்றது. செயலாளர் சொன்ன சொல் தவறாதவர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போதகர் துணி மடிக்கப் போனார். முதல் வாரம் நான்கு மூலையும் ஒன்று சேராமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்துச் சலவைக்கூடமே சிரித்தது. அவருக்குச் சம்பளம் வரும் வரை டீச்சரின் சம்பளத்திலேயே முப்பதாம் தேதி வரைக்கும் வாடகை கட்ட முடிந்தது. கூடவே எண்ணெய் குறைந்தது, பால் நின்றது, போதகரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னறை மட்டும் ஒரு நாளும் பூட்டப்படவில்லை.

டீச்சர் எடுத்து வைத்திருந்த பணத்தை அனுப்பிய பத்தாம் நாள் பொருளாளர் கூப்பிட்டான். அவள் வகுப்புக்குக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பணம் வந்துச்சு."

"சரி தம்பி."

"கமிட்டியில பேசினாங்க. விதியை மீறிச் சம்பாதிச்ச பணம், அதைச் சங்கம் வாங்கக் கூடாது, திருப்பி அனுப்பிடுன்னு செயலாளர் சொல்லிட்டார்."

டீச்சருக்குச் சுள்ளென்று ஏறியது. "அனுப்பு தம்பி, தாராளமா அனுப்பு. திரும்ப இங்க வந்து சேரும்போது அது எவ்வளவா இருக்கும்னு அவருக்கு ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டிட்டு அனுப்பு. இந்தப் பத்து நாள்ல இன்னும் எவ்வளவு சரிஞ்சிருக்குன்னு வங்கியில உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அப்புறம் என்ன?"

"அனுப்ப முடியாதுக்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "பணம் வந்த அன்னைக்கே சைக்கிள் ஊழியர்கிட்ட குடுத்துட்டேன். ரெண்டு மாசப் பாக்கி தீர்ந்துச்சு. அவர் வீட்டுல அன்னைக்கு அரிசி இல்லை."

டீச்சர் துணியைக் கீழே வைத்தாள். "அடப்பாவி. கமிட்டிக்குத் தெரியுமா?"

"நாளைக்குத் தெரியும். நான்தான் சொல்லப் போறேன். பொருளாளர் பதவியைப் பிடுங்குவாங்க, பிடுங்கட்டும்."

"பிறகு எதுக்குய்யா எனக்குப் போன் பண்ணி இவ்வளவு நேரம் இழுத்தே?"

"உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவர்களை உட்காரச் சொன்னாள்.

"தம்பி, பதவி போறதுக்குள்ள ஒரு வேலை பண்ணு. எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை முதல் சம்பளம் வருது. அதுலயும் பத்துல ஒண்ணு வரும். பாக்கி நிக்கிற இன்னொரு ஊழியர் பேரைச் சொல்லு."